மலைவீட்டில் கடைசி மாதங்கள்: நோயுற்றவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு

கோவை மருத்துவமனையில் "இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, குஞ்சப்பனை சோதனைச் சாவடி கடந்து, வண்டி கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். என் மடியில் ஒரு பை நிறைய மாத்திரைகள். எது எதற்கு என்று ஒன்றும் புரியவில்லை. இன்று அதே பாதையில், அதே பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தபின் ஏழு மாதம் இருந்தார். அதன் பிறகு அத்தையையும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பார்த்துக்கொள்வதில் பங்கெடுத்தேன். நான் மருத்துவர் அல்ல, செவிலியரும் அல்ல. மருந்தையும் அதன் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்து வீட்டுக்குள் வந்தபின் நடப்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கீழே ஊர்களில் இரவு பத்து மணிக்கு மாத்திரை தீர்ந்தால் தெருமுனைக்கு ஓடலாம். இங்கே முடியாது. மழை, மூடுபனி, மண்சரிவு, பலாப்பழக் காலத்தில் சாலையில் நிற்கும் யானை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். அதனால் மலையில் எதையும் ஒரு நாள் முன்னதாகச் செய்துவிட வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நோய் இனி எந்த வழியில் போகும்? எது நடந்தால் வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும், எது நடந்தால் வர வேண்டியதில்லை? இரவில் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம்? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எதுவும் நினைவிருக்காது.

ஒரு கடிதமும் வாங்குங்கள். நோய் என்ன, என்ன சிகிச்சை முடிந்தது, இனி வலியையும் அவதியையும் தணிப்பதுதான் நோக்கம் என்று அதில் இருக்க வேண்டும். அத்தைக்கு ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டியபோது பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கையில் கடிதம் இல்லை. பணியில் இருந்தவர்கள் எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான்கு மணி நேரம் அவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். அவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது, தெரியப்படுத்தும் தாள் எங்களிடம் இல்லை.

செயற்கை சுவாசம் வேண்டாம், கருவிகளில் மாட்டி வைக்க வேண்டாம் என்று நோயாளியே முன்கூட்டி எழுதி வைக்கவும் இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. தன் பேச்சைப் பிறகும் கேட்பார்கள் என்ற நிம்மதி அவருக்கு வந்தது.

மலைக்கு வந்த மறுநாளே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், டிஸ்சார்ஜ் தாளைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும், அதாவது வலியையும் அவதியையும் தணிக்கும் கவனிப்பும் உண்டு. செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சிறுநீர்க் குழாயைப் பார்ப்பார், உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார். இயன்முறை மருத்துவரும் வருவார். "இன்னும் கொஞ்சம் முடியாமல் ஆகட்டும், அப்புறம் கூப்பிடலாம்" என்று எங்கள் வீட்டில் ஒரு மாதத்தை வீணாக்கினோம். நடமாடிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் வந்து பழகிவிட்டால், பிறகு உடம்பைத் தொடவிடுவதில் நோயாளிக்குக் கூச்சம் இருக்காது.

அறை

எங்கள் பக்கத்து வீடுகள் பாதையிலிருந்து இறங்கியோ ஏறியோ இருப்பவை. எங்கள் வீட்டுக்கு அறுபது படி இறங்க வேண்டும். நோயாளி இன்னும் நடக்கிறபோதே, அவரை எப்படித் தூக்கிக்கொண்டு மேலே வருவது என்று ஒரு முறை ஒத்திகை பாருங்கள். கைப்பிடி உள்ள உறுதியான பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு பேர், இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு. படி வளைகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அந்த நான்கு பேர் யார் யார், அவர்களில் இரவில் ஊரில் இருப்பவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். இளைஞர்கள் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிற ஊர் இது.

வெயில் விழுகிற ஜன்னல் உள்ள, கழிவறைக்குப் பக்கமான அறையைக் கொடுங்கள். பெரியவருக்கு மரியாதை என்று முன்கூடத்தில் படுக்க வைப்பார்கள். வருகிற போகிற எல்லோருக்கும் நடுவில் டயபர் மாற்றும்படி ஆகிவிடும்.

குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கரிப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழவே மாட்டார், கூடப் படுத்திருப்பவரும் சேர்த்து. மின்சார ஹீட்டரையும் தூங்குமுன் அணைத்துவிடுங்கள். ஒரு கனத்த கம்பளியைவிட இரண்டு லேசான கம்பளிகள் நல்லது. மெலிந்துபோன உடம்புக்குக் கம்பளியின் கனமே வலிக்கும்.

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றாமல் வைக்கக் கூடாது. உணர்வு குறைந்த காலில் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. அப்பாவின் கணுக்காலில் நான் வைத்த பை கொப்புளம் ஆக்கிவிட்டது. அது ஆற ஐந்து வாரம் ஆனது. வலிக்கு ஃபெண்டானில் பட்டை ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பட்டையின் மேலோ பக்கத்திலோ சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் ஏறி, மூச்சையே மந்தப்படுத்தும். நம் ஊர்க் குளிரில் இது எளிதாக நடந்துவிடக் கூடியது.

ஒரு சிறிய மேசை மின்விசிறி வாங்குங்கள். மலைவீட்டில் விசிறி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். மூச்சுத் திணறுகிறவரின் முகத்தில் மெல்லிய காற்று படும்போது திணறல் உணர்வு தணியும். அத்தைக்கு ஆக்சிஜனைவிட அந்த விசிறிதான் ஆறுதலாக இருந்தது. ஆக்சிஜன் செறிவூட்டி வாடகைக்கு எடுத்தால் மின்சாரம் போகும் நேரத்துக்கென்று ஒரு சிலிண்டரும் வேண்டும். அந்த அறையில் விளக்கோ, ஊதுபத்தியோ, பீடியோ கூடாது. ஆக்சிஜன் குழாய் போட்டிருப்பவரின் உதட்டில் எண்ணெயும் வாசலினும் தடவ வேண்டாம்.

விரிப்புகளை நிறைய சேர்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு நாள் துணி காயாது. எங்களுக்கு எட்டு விரிப்பு தேவைப்பட்டது. பழைய பருத்திச் சேலைகளை நான்காக மடித்துத் தைத்துக்கொண்டோம். விறகடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைத்தால் புகை வாசனை ஏறி, குமட்டல் உள்ளவருக்கு ஆகாது.

வலி

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை மூட்டை கட்டி வையுங்கள். வலி தணிந்தால்தான் அவர் தூங்குவார், பேசுவார், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார்.

கடுமையான வலிக்குக் கொடுக்கப்படும் மார்பின் மாத்திரையைப் பற்றித்தான் பயம் அதிகம். "அது கடைசி மருந்து", "அடிமையாகிவிடுவார்", "சீக்கிரம் கொண்டுபோய்விடும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக எடுக்கும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. அப்பா மார்பின் தொடங்கிய மூன்றாம் நாள் தானாக எழுந்து உட்கார்ந்து, தொழிற்சாலையில் இலை வாடவைக்கும் தொட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவர் பேசியதே இல்லை.

சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்தபின் கொடுத்தால் வலியைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். இடையில் வலி எகிறினால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்பதையும், இரவில் தூக்கம் கெடாமல் எப்படித் தருவது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மார்பின் தொடங்கும் நாளிலேயே மலம் இளக்கும் மருந்தும் தொடங்க வேண்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். அடைத்துக்கொண்ட மலத்தால் வரும் வயிற்று வலியை நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அழுத வீடு எங்களுடையது. எழுப்ப முடியாத அளவு தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாகுதல், உடம்பு திடுக் திடுக்கென்று தூக்கிப்போடுதல் இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். நேரம், மருந்து, வலி எவ்வளவு, மலம் போனதா, அவ்வளவுதான். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "வலி எத்தனை அணா அப்பா?" என்று கேட்டேன். "பன்னிரண்டணா" என்றார். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, "நாலணா. கிடக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். பதினாறணா, அதாவது முழு ரூபாய் வலி என்று அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குக் காரணம் நான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மாத்திரை மிச்சம் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு வேண்டும். சனிக்கிழமை காலை போய் வாங்கிவிடலாம் என்று விட்டுவிட்டேன். இரவு பெய்த மழையில் கோத்தகிரிச் சாலையிலும் குன்னூர்ச் சாலையிலும் மண் சரிந்தது. 2009 நவம்பர் மழையைப் பார்த்த எங்களுக்கு மழையின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்ததைப் பாதியாக்கிக் கொடுத்தேன். சனி இரவு அதுவும் தீர்ந்தது. ஞாயிறு மாலை பாதை ஒருவழியாகத் திறந்தபின்தான் தம்பி மாத்திரையுடன் வந்து சேர்ந்தான். அந்த இருபது மணி நேரத்தை அப்பா என்னிடம் ஒருபோதும் குறையாகச் சொல்லவில்லை.

மார்பின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை 2014இல் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்துக் கொடுக்க வழி எளிதானது. உங்களுக்கு அருகில் அப்படி எது இருக்கிறது, நோயாளி வராமல் சீட்டுடன் வீட்டார் மட்டும் போனால் தருவார்களா, ஒரு முறைக்கு எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்புங்கள். மழை மாதத்தில் பத்து நாளுக்கு. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள்.

உடம்பு

படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். முழுப் பக்கமாகச் சாய்க்காமல், முதுகுக்குப் பின் தலையணை வைத்துக் கொஞ்சம் சாய்வாக விடுங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வையுங்கள். இடுப்பெலும்பு, முதுகின் அடி, குதிகால், காது மடல் இவற்றை நாள்தோறும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் இனிப் படுக்க வைக்காதீர்கள். தேய்த்து விடாதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் கடையில் தருவார்கள், வேண்டாம். சுற்றியுள்ள தோலை அது நசுக்கும். காற்று மெத்தை நல்லது. ஆனால் அது இருந்தாலும் புரட்ட வேண்டும்.

குளிப்பாட்ட நண்பகல்தான் நேரம். உடம்பு முழுவதையும் திறக்காமல் ஒரு கை, பிறகு மார்பு, பிறகு ஒரு கால் என்று வெந்நீரில் நனைத்த துண்டால் துடைத்து உடனே மூடுங்கள். வாய் சுத்தம்தான் பலர் மறப்பது. ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, மெல்லிய துணியை விரலில் சுற்றி நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். மருந்து போட்டால் சரியாகிவிடும், சாப்பாடும் கொஞ்சம் இறங்கும்.

புண்ணிலிருந்து நாற்றம் வந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதற்கென்று மருந்து இருக்கிறது.

சாப்பாடு

இதில்தான் வீட்டில் சண்டை வரும். அம்மா நாள் முழுக்கக் கஞ்சிக் கிண்ணத்துடன் நிற்பார். அப்பா வாயை இறுக்கிக்கொள்வார். "சாப்பிடாமல்தான் இப்படிப் போகிறார்" என்று அம்மா அழுவார். நோய் முற்றிய உடம்பு சாப்பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. சாப்பிடாததால் அவர் போகவில்லை, போய்க்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. செவிலியர் வந்து ஒரு முறை சொன்னதும் கேட்டுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் செவிலியரையே சொல்லச் சொல்லுங்கள்.

கேட்கும்போது, கேட்டதை, இரண்டு வாய் மட்டும் கொடுங்கள். ஒரு நாள் அப்பா அவரைக்காய்ப் பொரியல் கேட்டார். ஒரு துண்டைச் சப்பிவிட்டுத் துப்பினார். அது போதும். தலையை உயர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். பிறகு அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். விழுங்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் சளிக் காய்ச்சலாகி, இருக்கிற கொஞ்ச நாளும் அவதியில் போகும். கடைசிக் கட்டத்தில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள். பெரும்பாலும் அது வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும்தான் கூட்டும். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மலை இறங்க வேண்டியிருந்தால்

வலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன். சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். விடிந்ததும் இறங்கி, மூடுபனி விழுவதற்குள் ஏறிவிடுங்கள். ஏப்ரல், மே சனி ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகள் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும், இந்தப் பயணம் அவருக்கு என்ன தரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் காட்ட அப்பாவை இரண்டு முறை கோவைக்கு இறக்கினேன். தாள்களை மட்டும் நான் கொண்டுபோயிருக்கலாம்.

பார்க்க வருகிற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. காரில் வருகிறவர்கள் முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

உண்மையும் கவனிப்பும்

"அவருக்குச் சொல்லாதீர்கள்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னோம். மூன்றாவது மாதம் அப்பா, "நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைத் தனியாக விட்டுவிட்டீர்கள்" என்றார். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது. நீங்களாக எல்லாவற்றையும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அப்பா? ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். அன்று பேசியதில்தான் வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்யும் விஷயத்தையும் அப்போதே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிப்பு ஒரே பெண்ணின் தலையில் விழுவதை நான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். பகலில் இலை பறிக்கப் போய்விட்டு, இரவில் நோயாளிக்கு விழித்திருந்து, மறுநாள் மறுபடி தோட்டத்துக்குப் போகிற மருமகள்கள் இருக்கிறார்கள். இது அநியாயம். வாரத்தில் இரண்டு இரவாவது அவர் வேறு அறையில் தூங்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தம்பியிடம் நேராகச் சொன்னேன்: "பணம் வேண்டாம், மாதத்தில் நான்கு இரவு வந்து இரு." வந்தான். டயபர் மாற்றக் கற்றுக்கொண்டான்.

கடைசி நாட்கள்

பெரும்பாலும் இப்படி இருக்கும். தூக்கம் நாளின் பெரும்பகுதியாகிவிடும். சிறுநீர் குறைந்து கருக்கும். கை கால் சில்லிடும், முழங்காலில் நீலத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சிறிது நேரம் நின்று, மறுபடி வரும். சிலர் காற்றில் கையை அளைவார்கள், இறந்துபோனவர்களுடன் பேசுவார்கள். அப்பா தன் அண்ணனைக் கூப்பிட்டார். திருத்த வேண்டாம். "பெரியப்பா வந்திருக்கிறாரா?" என்று கேட்டால் போதும்.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை. விழுங்க முடியாத எச்சில் அங்கே தங்குவதால் வருவது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். மருந்தும் இருக்கிறது. விழுங்க முடியாதபோது வலி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. தோலுக்கு அடியில் சிறு ஊசி வழியாகக் கொடுக்க முடியும். இதை எப்படிச் செய்வது என்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே செவிலியரிடம் பேசி, மருந்தை வீட்டில் வாங்கி வையுங்கள். அந்த நேரத்தில் கிளம்பிப் போய் வாங்க முடியாது.

"இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஏதோ ஆசை" என்று சொல்லிப் பெரியவர்கள் பால் ஊற்ற வருவார்கள். மண் கரைத்த நீரும் வரும். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் நினைவில்லாதவரின் வாயில் ஊற்றிய பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். நாங்கள் ஒரு வழி செய்தோம். சிறிய கிண்ணத்தில் பால், சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள். ஒவ்வொருவரும் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் தொட்டுவைத்தார்கள். எல்லோரும் பால் கொடுத்தாயிற்று. அவருக்கு மூச்சும் முட்டவில்லை. கேட்கும் திறன் கடைசி வரை இருக்கலாம் என்கிறார்கள். அதனால் கட்டிலைச் சுற்றி நின்று சொத்துக் கணக்கையும் சாவுச் செலவையும் பேசாதீர்கள்.

மூச்சு நின்றபின்

பதறி 108ஐ அழைக்க வேண்டியதில்லை. வீட்டில்தான் என்று முடிவு செய்திருந்தீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டில் எழுதுங்கள். கொஞ்ச நேரம் அவருடன் உட்காருங்கள். பிறகு கண்ணிமையை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கை கால்களை நீட்டி வையுங்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். சிறுநீர்க் குழாய், ஊசி இருந்தால் செவிலியர் எடுப்பார்.

சிகிச்சை தந்த மருத்துவர் வந்து பார்த்து இறப்பின் காரணத்தை எழுதித் தர வேண்டும். வீட்டில் நடந்த இறப்புக்கு அது 4ஏ படிவம். எந்த மருத்துவர் வருவார் என்பதை முந்தைய வாரமே பேசி வையுங்கள். கிராம ஊராட்சியில் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்த அலுவலகத்திலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். கோவை மருத்துவமனையில் இறந்தவருக்குக் கோவையில்தான். ஆதாரில் உள்ள எழுத்துகளும் சான்றிதழில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதியும்போதே பாருங்கள். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியதற்காக ஐந்து முறை நடந்தேன். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் இறந்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. மழைக் காலத்தில் விறகு நனைந்திருக்கும். எரிப்பதா புதைப்பதா, எங்கே என்பதையும் முன்னரே பெரியவர்களிடம் கேட்டு வைக்கலாம், தவறில்லை.

மிச்சமிருக்கும் மார்பினை எண்ணி, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் வைத்திருக்கவோ அடுத்த வீட்டு நோயாளிக்குத் தரவோ கூடாது. காற்று மெத்தையைக் கழுவிக் காயவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் தேவைப்படுகிறவர்களைக் காட்டுவார்கள்.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின் இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு விழிப்பு வரும். அது மாத்திரை நேரம். எனக்கு மூன்று மாதம் வந்தது. படுக்கையில் புரளாமல் எழுந்து, ஒரு தேநீர் போட்டுக் குடித்து, அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சில இரவுகளில் அம்மாவும் வந்து உட்கார்ந்துகொள்வார். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, நாமும் போய்விட்டால் என்ன என்ற நினைப்பு வந்தாலோ 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.